மேல்மாடிக் குளியலறை ஒழுக்கு: நானே கைவைக்கலாமா, மேசன் பாஸிடம் கொடுப்பதா?

ஒழுக்குவீட்டான் (வெள்ளவத்தை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கீழ்வீடு 1980களில் கட்டப்பட்டது. அதற்குப் பத்து வருடங்கள் கழித்து அப்பா மேல்மாடியை எழுப்பினார். அந்த மேல்மாடிக் குளியலறை குசினிக்கு நேர் மேலே அமைந்திருப்பதுதான் இப்போதைய தலையிடி. சென்ற ஐப்பசி மழையின்போது குசினிக்கு மேலுள்ள கொங்கிறீட் சிலப்பில் உள்ளங்கை அகலத்தில் தோன்றிய ஈரக்கறை இன்று சுளகளவு பரவி, பெயின்ட் அப்பளம்போலப் பொங்கி உதிர்கிறது. அம்மா இப்போது சட்டிகளுக்கு மூடி போடாமல் சமைப்பதில்லை.

இரண்டு மேசன் பாஸ்மாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாமவர் ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, குளியலறை டைல்ஸ் முழுவதையும் உடைத்து எடுத்துப் புதிதாகப் போடவேண்டும் என்றார். இரண்டாமவர், டைல்ஸ் இடுக்குகளில் ஒரு மருந்தைப் பூசினால் போதும், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். முதலாமவர் கேட்ட கூலி எங்களுடைய மூன்று மாதச் சேமிப்பு. இரண்டாமவரோ தொகையைச் சொல்வதற்கு முன்பே முற்பணம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார். இருவரில் எவரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் ஒரு ட்ரில் மெஷின் இருக்கிறது. டைல்ஸ் வெட்டும் மெஷினை நண்பர் ஒருவர் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இது தொடர்பான காணொளிகளையும் ஏராளமாகப் பார்த்துவிட்டேன். தைப்பொங்கலை ஒட்டி ஐந்து நாள் லீவு எடுத்து, டைல்ஸை உடைப்பது, வோட்டர் புரூஃப் பூசுவது, புதிய டைல்ஸ் பதிப்பது, அதோடு பழைய சுடுநீர் ஹீட்டரை மாற்றுவது, கடைசியாகக் குசினிக்குப் பெயின்ட் அடிப்பது ஆகிய எல்லாவற்றையும் நானே செய்துவிடலாமா? பாஸ்மார் உள்ளே வந்தால் வீடு ஒரு மாதத்துக்கு அவர்களுடையது என்பது அப்பாவின் கட்சி. வயரில் கைவைத்தால் தான் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்கிறார்.


தூக்குக்குண்டு (தெஹிவளை) எழுதுகிறார்:

தம்பி, கட்டட வேலைத் தளங்களில் தொழினுட்ப உத்தியோகத்தராக முப்பது வருடங்களுக்கு மேல் நின்று ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். யார் வேலை செய்வது என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் வரவேண்டியதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே இதுவரை தெரியாது. அதை அறியாமல் முழுவதையும் உடைக்கச் சொன்னவரும் மருந்து பூசச் சொன்னவரும் ஒரே பிழையைத்தான் இரண்டு விலைகளுக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நீங்களே செய்யலாம், அதற்குக் காசும் செலவாகாது.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க, இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரைப் பார்க்கும்படி பலரும் சொல்வார்கள். கூரையில் தாங்கி வைத்திருக்கும் கொழும்பு வீட்டில் அது பாதிப் பரிசோதனைதான். தாங்கியிலிருந்து கீழே வரும் பைப்பில் ஒழுகினால், தண்ணீர் மட்டம் சற்று இறங்கி மிதவை வால்வு திறக்கும்வரை மீற்றர் அசையாது. ஆகவே படுக்கப் போகுமுன் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் வால்வைப் பூட்டிவிட்டு, தாங்கியின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். அன்றிரவு எவரும் தண்ணீர் எடுக்கக்கூடாது. காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், சுவருக்குள் இருக்கும் வழங்கல் பைப்பிலோ கொமட்டின் ஃபிளஷ் தாங்கியிலோ கசிவு இருக்கிறது. மறுநாள் இரவு ஃபிளஷ் தாங்கிக்குப் போகும் வால்வையும் பூட்டிவிட்டு அதையே திரும்பச் செய்தால் இரண்டில் எது என்று புரிந்துவிடும்.

கோடு அசையவில்லை என்றால் தரையைச் சோதியுங்கள். கழிவுத் துவாரத்தைத் துணியும் பொலித்தீனும் கொண்டு இறுக அடைத்து, வாசற்படியில் ஈரத்துணி அணைகட்டி, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவர் டைல்ஸில் மட்டத்தைக் குறித்து 24 மணித்தியாலம் விட்டுவிடுங்கள். ஆறடிக்கு எட்டடி அறையில் இதற்கு நூறு லீற்றருக்குச் சற்று அதிகமான தண்ணீர் பிடிக்கும். மட்டம் குறைந்து கீழே குசினியில் கறை கறுத்தால் தரைக்கு அடியில் உள்ள நீர்த்தடைப் பூச்சு போய்விட்டது, அல்லது அப்படியொன்று பூசப்படவேயில்லை. தரை தாங்கிக்கொண்டு, குளிக்கும்போது மட்டும் கறை ஈரமானால் குழாய் சுவருக்குள் நுழையும் இடங்களைச் சந்தேகியுங்கள். ஃபிளஷ் அடித்த பிறகு மட்டும் ஈரமானால் கொமட்டின் கழிவு மூட்டுத்தான். அதைத் திருத்த ஒரு பிளம்பருக்கு அரை நாள் போதும், ஒரு டைல்ஸ்கூட உடைய வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பு இன்னொன்றையும் பாருங்கள். குசினியில் ஏணி வைத்து ஏறி, பொங்கிய பெயின்டைச் சுரண்டிவிட்டு, சிலப்பின் அடிப்புறத்தைச் சுத்தியலின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு மேல் தட்டும் வேலை. நல்ல கொங்கிறீட் 'டண்' என்று கேட்கும். உள்ளே பிரிந்து நிற்பது வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். உங்கள் வீடு கடலுக்கு மிகக் கிட்ட இருப்பதனால்தான் இதை வற்புறுத்துகிறேன். உப்புக் காற்றோடு வரும் குளோரைட் ஈரத்தின் வழியாகக் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கிறது; துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால், மூடியிருக்கும் கொங்கிறீட்டை உள்ளிருந்தே வெடிக்கவைக்கிறது. கம்பியின் திசையில் நேர்கோடாக ஓடும் வெடிப்போ பழுப்பு நிறத் துருக் கசிவோ தெரிந்தால், அதன் மேல் சீமெந்துச் சாந்தை அப்பவோ பெயின்ட் அடிக்கவோ எவரையும் விடாதீர்கள். அது உங்கள் வேலையுமன்று, மேசனின் வேலையுமன்று. பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம்தான் இந்த வேலை முழுவதிலும் மிகப் பயனுள்ள செலவாக இருக்கும்.

தரைதான் காரணம் என்று உறுதியானால், டைல்ஸ் உடைப்பது உங்களால் முடியாத வேலையன்று. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறடிக்கு எட்டடித் தரையில் இரண்டு அங்குலச் சாந்துப் படுக்கையும் டைல்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ அரைத் தொன் இடிபாடு வரும். அதைச் சாக்கில் கட்டி மாடிப்படியால் இறக்கவேண்டும், வீட்டுக் குப்பையோடு வைக்கமுடியாது என்பதால் லொறியும் பிடிக்கவேண்டும். உடைக்கும்போது படுக்கைக்குள் ஓடும் பீ.வீ.சி. பைப்பில் உளி பட்டால் உங்கள் ஐந்து நாள் லீவு அங்கேயே முடிந்தது.

வோட்டர் புரூஃப் பூச்சை எவர் பூசினாலும் நீங்கள் அருகில் நில்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைகளைச் சாந்தால் உருட்டி வளைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பூச்சு பிளப்பது பெரும்பாலும் அந்தக் கூர்மூலையில்தான். தரையில் பூசியது சுவரிலும் குறைந்தது ஆறு அங்குலம் ஏறவேண்டும், ஷவர் விழும் பக்கத்தில் ஆறடி வரை ஏறவேண்டும். இரண்டாம் பூச்சு முதலாவதற்குக் குறுக்காக இழுக்கப்பட வேண்டும். பூச்சு காய்ந்த பின், டைல்ஸ் பதிக்கும் முன், மேலே சொன்ன 24 மணித்தியாலத் தண்ணீர்ச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். இதற்குச் சம்மதிக்காத பாஸுக்கு வேலையைக் கொடுக்கவேண்டாம். டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரவுட் தண்ணீரைத் தடுக்கும் என்ற நம்பிக்கையால்தான் இந்த ஊரில் பாதி ஒழுக்குகள் திரும்பத் திரும்பத் திருத்தப்படுகின்றன.


கொட்டாஞ்சேனை அக்கா எழுதுகிறார்:

ஐயா சொன்னவற்றோடு என் அனுபவத்தையும் சேர்த்துவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு அறைகளுக்கும் விறாந்தைக்கும் நானே பெயின்ட் அடித்தேன்; குசினியில் அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவருக்கு நானே டைல்ஸ் ஒட்டினேன். இரண்டும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. அந்தத் துணிச்சலில் கீழ்க் குளியலறைத் தரையிலும் கைவைத்தேன்.

டைல்ஸ் எல்லாம் வரிசை பிசகாமல் வடிவாக வந்திருந்தன. நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்தேன், குமிழி அச்சொட்டாக நடுவில் நின்றது. அதுதான் பிழை என்று எனக்கு அப்போது தெரியாது. முதன்முறை தண்ணீர் ஊற்றியபோது அது எங்கும் போகாமல் அப்படியே நின்றது. மகனின் போளை ஒன்றைக் கழிவுத் துவாரத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். அது சற்று யோசித்துவிட்டு எதிர்ப்பக்கமாகக் கதவடிக்கு உருண்டு வந்தது. குளியலறைத் தரை ஆறடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் துவாரத்தை நோக்கிச் சரியவேண்டும் என்பதை, அதை உடைக்க வந்த மேசன் பாஸ்தான் சொன்னார். நான்கு பக்கமிருந்தும் ஒரே புள்ளிக்குச் சரிவு கொடுப்பது கைப்பழக்கத்தால் வருவது. அவர் கயிறு கட்டி, கரண்டியால் இழுத்து, ஒரு மணித்தியாலத்தில் செய்து முடித்தார். நான் மூன்று நாள் முழங்காலில் இருந்தேன். டைல்ஸுக்கு இரண்டு தரம் காசு கொடுத்ததுதான் மிச்சம்.

பெயின்ட் வேலையை மட்டும் தாராளமாக நீங்களே செய்யுங்கள் தம்பி, ஆனால் பொங்கலுக்கே முடிக்க நினைக்காதீர்கள். ஒழுக்கு நின்ற பிறகும் சிலப் உள்ளுக்குள் பல வாரங்கள் ஈரமாகத்தான் இருக்கும். ஓர் அடிச் சதுரப் பொலித்தீனின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சிலப்பில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. அதன் மேல் அடிக்கும் பெயின்ட் அடுத்த மழைக்கே அப்பளமாகிவிடும். கொழும்பில் தை, மாசி மாதங்களில் மழை குறைவு என்பதால் அதுவரை காயவிட்டு, மாசிக் கடைசியில் அடிப்பது நல்லது. வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீரால் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளே போகும். பழைய எனாமல் பெயின்ட் இருக்கும் கதவு நிலைகளை உலர்வாகத் தேய்க்கவேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி எடுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு அவர்களை அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டின் பின்பக்கத்தில் அஸ்பெஸ்டஸ் கூரை இருந்தால் அதில் ட்ரில் மெஷினையோ கிரைண்டரையோ வைக்கவேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, அந்தத் தூளோ கண்ணுக்குத் தெரியாது. அதோடு, பழைய சீட்டின் மேல் கால் வைத்தால் அது உடைந்து ஆள் கீழே வந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் அப்படி விழுந்த ஒருவர் இப்போதும் நொண்டித்தான் நடக்கிறார்.


நாலாம் மாடி (பம்பலப்பிட்டி) எழுதுகிறார்:

ஐயாவின் பதிலில் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டால் வேலை சரியாக நடக்கும் என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு வந்துவிடக்கூடாது. எங்கள் வீட்டில் சுடுநீர் ஹீட்டரைப் பூட்ட வந்தவர் பத்து வருட அனுபவம் என்று சொன்னவர்தான். இரண்டு மாதம் கழித்து, குழாயைத் தொடும்போதெல்லாம் மனைவிக்கு விரல் நுனி சுரீர் என்றது. வேறொருவர் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, ஏர்த் வயர் எங்கும் பூட்டப்படாமல், சுருட்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. மின் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டிய ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்று பார்த்தால், அது எப்போதோ பழுதாகியிருந்தது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை நாங்கள் ஒருநாளும் அமுக்கிப் பார்த்ததில்லை. மாதத்துக்கு ஒருமுறை அதை அமுக்கிப் பாருங்கள், விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். அதன் மீது 30 மில்லிஅம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே ஹீட்டர் விடயத்தில் உங்கள் மனைவியின் கட்சியில் நான் சேர்ந்துகொள்கிறேன். 230 வோல்ட்டில் 3 கிலோவொட் ஹீட்டர் 13 அம்பியர் இழுக்கும். உடனடியாகச் சுடவைக்கும் 5.5 கிலோவொட் வகை 24 அம்பியர் வரை இழுக்கும். பழைய வயரையும், உருண்டை முனைப் பிளக் பேஸையும் வைத்துக்கொண்டு புதிய ஹீட்டரை மட்டும் பூட்டுவது தீயை வீட்டுக்கு அழைப்பதுதான். விநியோகப் பலகையிலிருந்து அதற்கென்று தனி வயர், தனி பிரேக்கர் இழுக்கவேண்டும். வருபவரிடம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒழுக்கு நின்று காயும்வரை, குசினியில் கறை பிடித்த இடத்துக்குக் கிட்ட விளக்கோ ஃபேனோ இருந்தால் அதன் பிரேக்கரை இறக்கி வையுங்கள்.

கூலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பொருட்களை நீங்களே வாங்குங்கள். டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் ஆமர் வீதியில், மற்ற ஹார்ட்வெயார் பழைய சோனகத் தெருவில், ஒரு சனிக்கிழமை காலை அலைந்தால் விலை தெளிவாகிவிடும். பாஸுக்குக் கூலி மட்டும் பேசுங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத உடைப்பு வேலைக்கு நாட்கூலி பொருத்தம், அளவு தெரிந்த டைல்ஸ் பதிப்புக்குச் சதுர அடிக் கணக்கில் கொந்தராத்து பொருத்தம். இரண்டையும் மாற்றிப் பேசினால் நீங்கள் நட்டப்படுவீர்கள், அல்லது அவர் அவசரப்படுவார். எதை எத்தனை நாளில், எந்தச் சோதனைக்குப் பிறகு எவ்வளவு காசு என்று ஒரு கடதாசியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாஸுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே குறையும். பைப்புகளையும் வயர்களையும் மூடுவதற்கு முன் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுத்து வையுங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒரு குறிப்பு. சிலப், வெளிச்சுவர், நிலைக்குத்தாக இறங்கும் கழிவுக் குழாய் போன்றவை உங்களுடைய தனிச் சொத்தல்ல, எல்லாருக்கும் பொதுவானவை. உடைப்பதற்கு முன் தொடர்மாடி வீட்டுரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும், வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். எங்கள் மேல்வீட்டுக்காரர் எடுக்காமல் தொடங்கி, எங்கள் படுக்கையறைக்குள் மழை பெய்வித்தவர்.


ஒழுக்குவீட்டான் (வெள்ளவத்தை) மீண்டும் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தாங்கியில் போட்ட பென்சில் கோடு காலையில் அப்படியே இருந்தது, ஆகவே வழங்கல் பைப்புகளில் குற்றமில்லை. கழிவுத் துவாரத்தை அடைத்துத் தண்ணீர் நிரப்பினேன். 24 மணித்தியாலத்தில் மட்டம் ஒரு நூலளவும் இறங்கவில்லை. முதலாம் பாஸின் பேச்சைக் கேட்டு உடைத்திருந்தால் நல்ல தரையொன்றை அரைத் தொன் இடிபாடாக்கியிருப்பேன். மூன்றாம் நாள் அப்பா குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார், நான் மேலே பத்துத் தரம் ஃபிளஷ் அடித்தேன். ஏழாவது தரத்தில் கீழேயிருந்து கூப்பிட்டார், கறையின் நடுவில் ஒரு துளி தொங்கியதாம்.

பிளம்பர் ஒருவர் வந்து கொமட்டைக் கழற்றினார். கழிவு மூட்டிலிருந்த இறப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. மாற்றிப் பூட்டி மத்தியானத்துக்குள் போய்விட்டார். ஹீட்டருக்குச் சான்றிதழ் உள்ள ஒருவரைப் பிடித்துத் தனி வயர் இழுத்தாயிற்று.

இனி ஒரு கேள்விதான் மிச்சம். சிலப்பைத் தட்டிப் பார்த்தபோது பெரும்பாலும் நல்ல சத்தம் கேட்டது. ஆனால் கறையின் ஓரத்தில், சாப்பாட்டுக் கோப்பை அளவு இடத்தில் மட்டும் பானைச் சத்தம் கேட்கிறது. வெடிப்போ துருக் கசிவோ இல்லை. அந்தளவு சிறிய இடத்துக்கும் பொறியியலாளரைக் கூப்பிடவேண்டுமா, சாந்துப் பூச்சைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதுமா?


தூக்குக்குண்டு (தெஹிவளை) எழுதுகிறார்:

நல்ல வேலை தம்பி. அப்பாவுக்கும் என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்த இடத்திலுள்ள பூச்சை மட்டும் உளியால் மெதுவாகத் தட்டி எடுத்துவிட்டு, வெளிப்படும் கொங்கிறீட்டைத் திரும்பத் தட்டிப் பாருங்கள். 'டண்' என்று கேட்டால் பிரிந்திருந்தது பூச்சுத்தான். காயவிட்டு, பொலித்தீன் சோதனைக்குப் பிறகு ஒரு மேசனைக் கொண்டு அந்த இடத்தை மட்டும் பூசுவியுங்கள், பெயின்டை நீங்கள் அடியுங்கள். கொங்கிறீட்டிலும் அதே பானைச் சத்தம் கேட்டால், அல்லது கம்பி கண்ணில் பட்டால், கோப்பை அளவுதான் என்று பார்க்காமல் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த இடத்தைப் பூசி மூடாதீர்கள், அவருக்குப் பார்க்கவேண்டியது அதுதான்.